வாய்க்கட்டுப் பொங்கல்

மஞ்சள் துணியை என் வாயைச் சுற்றிப் பூசாரி கட்டிவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இங்கே உலை வாய் திறந்து கிடக்கிறது, ஊர் வாயும் திறந்துதான் கிடக்கிறது, மூடியிருப்பது என் வாய் ஒன்றுதான். பானை பொங்கி வழியும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, முனகக் கூடாது, ஈ மொய்த்தால்கூட உஷ் என்று விரட்டக் கூடாது. முப்பிடாதி அம்மன் கோயிலில் பொய்ச் சத்தியத்தைக் கழிக்க வருகிறவர்களுக்கு இதுதான் முறை. பொங்கியதும் குலவை போடுவார்கள், துணியை அவிழ்ப்பார்கள், சூடம் ஏற்றுவார்கள். அதன் முன்னால் நின்று, "நான் பொய்ச் சத்தியம் பண்ணினது தப்பு, பொறுத்துக்கோ தாயே" என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். ஏழே வார்த்தை. முப்பத்திரண்டு வருஷமாக நான் சொல்லாத ஏழு வார்த்தை. பனையோலையை மடக்கி அடுப்புக்குள் தள்ளுகிறேன், சடசடவென்று பிடிக்கிறது. மூன்று கல்லையும் நானே பார்த்து வைத்தேன், கிழக்குப் பக்கத்துக் கல்லை ஒரு விரற்கடை தாழ்த்தி வைத்திருக்கிறேன். பொங்கல் கிழக்கே வழிந்தால் நல்லது, மேற்கே வழிந்தால் ஆகாது என்று என் மகள் பகவதி போன வாரத்திலிருந்து உயிரை விடுகிறாள். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்கு உலை வைத்தவளுக்கு ஒரு பானை எந்தப் பக்கம் வழியும் என்று தெரியாதா. அம்மனுக்கும் இது தெரியும். தெரிந்தும் தெரியாதது மாதிரி இருப்பதால்தான் அவளைத் தாய் என்கிறோம்.

பகவதி வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தாவது மாதம். ஒரு கையை வயிற்றின் மேலேயே வைத்திருக்கிறாள், எடுத்தால் விழுந்துவிடும் என்று நினைக்கிறாளோ என்னவோ. இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதத்தில், இரண்டாவது ஆறாம் மாதத்தில், அதற்கு விரல் நகமெல்லாம் இருந்தது. டாக்டர் ஏதோ ரத்த விஷயம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார், அதையும் விடாமல் போடுகிறாள். ஆனாலும் மலையடிவாரத்தில் குறி சொல்லுகிற ஆள் ஒருவரிடம் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் வீட்டில் அணைந்த சூடம் ஒன்று இன்னும் புகைகிறது என்றாராம். புகையாமல் என்ன செய்யும், இவளே முக்கால்வாசியை அழுதுகொண்டே சொல்லியிருப்பாள், மிச்சத்தை அவர் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "எம்மா, அன்னைக்கு நீ சூடம் அணைக்கையில இடுப்புல இருந்தது நான்தான" என்றாள். ஆமா என்றேன். "என் தலையில வச்சு பொய்ச் சத்தியம் பண்ணிட்டியே, எனக்கு எப்படிம்மா தங்கும்" என்றாள். ஊரில் யார் கேட்டிருந்தாலும் வாயைக் கிழித்திருப்பேன், கேட்டது வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள். அதனால் சரி என்றேன். சரி என்று சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எதைத் தப்பு என்று சொல்வது? ஒரு உயிர் நின்றதைத் தப்பு என்று சொன்னால் இன்னொரு உயிர் தங்கும் என்றால், அப்படி ஒரு கணக்கை அம்மன் எங்கே படித்தாள்? ஆனாலும் பயமாக இருக்கிறது. நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், அந்த நகங்களைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் பயம்தான். பால் இன்னும் சுடவில்லை, ஓலை ஈரம்.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரில் அந்தச் சண்டை எதனால் வந்தது என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அம்மன் சப்பரம் கடைத்தெருவில் வருகிறது, தர்காவில் கந்தூரி விழா என்று தெருவுக்குக் குறுக்கே காகிதக் கொடி கட்டியிருக்கிறார்கள். சப்பரத்தின் உச்சி கொடிக் கயிற்றில் மாட்டியது. வருஷா வருஷம் மாட்டுகிறதுதான், யாராவது ஏறிக் கயிற்றைத் தூக்கிப் பிடிப்பார்கள், சப்பரம் அடியில் போகும், தர்காப் பக்கத்திலிருந்து சர்பத் கொடுப்பார்கள், குடித்துவிட்டுக் கொட்டடித்துக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் யாரோ அரிவாளால் கயிற்றை அறுத்தான், யாரோ கல்லை எறிந்தான், சப்பரத்துக் கண்ணாடி உடைந்தது. கயிற்றைப் பிடிக்க ஏறி நின்றவன் வாடகை சைக்கிள் கடை நாகூர் மீரான், இருபத்திரண்டு வயசு. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சைக்கிள் பழக்கியவன். மேலே நின்றதால் எல்லார் கண்ணிலும் அவன்தான் பட்டான், அவன்தான் எறிந்தான் என்று ஆகிவிட்டது. எறிந்தானா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் காப்பாற்ற நான் என்ன கோர்ட்டா. சாயங்காலம் நாலு மணி இருக்கும், பின்வாசல் வழியாக வந்து அடுக்களையில் நின்றான், தலையில் ரத்தம், "யக்கா" என்று மட்டும் சொன்னான். விறகு அடுக்கியிருந்த மூலையைக் காட்டினேன், புகுந்தான், நாலு கட்டை விறகை முன்னால் இழுத்துப் போட்டேன். திரும்பினால் முன்வாசலில் ஆறு பேர். முன்னால் நின்றது வெள்ளப்பாண்டி அண்ணாச்சி, கையில் கடப்பாரை. என் வீட்டுக்காரர் லாரியில் எங்கேயோ போயிருக்கிறார், வீட்டில் நானும் எட்டு மாதக் குழந்தையும். "வடிவு, ஒன் வார்த்த மேல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார் அண்ணாச்சி. "ஆனாலும் நாலு பேரு நிக்காங்க. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு சூடத்த அணைச்சுச் சொல்லிரு. நாங்க போயிருதோம்." எங்கள் ஊரில் ஒருத்தி நடைப்படியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் படியை ஒருவனும் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மனையே நம்பவில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாமி மாடத்திலிருந்து சூட டப்பியை நானே எடுத்துவந்து கொடுத்தேன். கேட்டவர் கையில் இல்லாத சூடத்தை எடுத்துக் கொடுத்துப் பொய்ச் சத்தியம் செய்தவள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். படியில் ஏற்றிவைத்தார்கள், கையால் ஒரு அடி அடித்தேன், அணையவில்லை. இரண்டாவது தடவை உள்ளங்கையை அழுத்தி வைத்தேன். சதை பொசுங்குகிற வாடை எனக்கே வந்தது. அவன் என் வீட்டில் இல்லை என்றேன். குரல் பிசகவில்லை. இதோ இப்போதும் அந்தத் தழும்பு வலது கையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு இருக்கிறது, ஓலையைத் தள்ளும்போது அந்த இடத்தில் மட்டும் சூடு தெரிவதில்லை. ஆறு ஆண்பிள்ளைகள் ஆயுதத்தோடு நின்று ஒரு பெண்பிள்ளையின் படியைத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள். எனக்கு அதில் பெருமைதான். சாகிறவரைக்கும் பெருமைதான். அதற்கு அடுத்தாற்போல் ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு நினைக்கலாம், ஓலையை இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும்.

கோயில் மதிலோரம் பழைய சிலைக் கல் ஒன்று நிற்கிறது. மண்டியிட்ட ஆள் ஒருத்தன், ஒரு கையால் தன் குடுமியைப் பிடித்திருக்கிறான், இன்னொரு கையால் தன் கழுத்துக்கே வாளை வைத்திருக்கிறான். பழைய காலத்தில் ஏதோ சண்டையில் ஊர் ஜெயிக்க வேண்டும் என்று அம்மனுக்குத் தன் தலையைத் தானே அரிந்து கொடுத்தவனாம். செவ்வாய்க்கிழமை எண்ணெய் தடவிக் குங்குமம் வைக்கிறார்கள். சின்ன வயசில் இவனைப் பார்த்து எனக்கு மயிர் கூச்செறியும், நம் ஊர்க்காரன் எப்பேர்ப்பட்டவன் என்று. அந்தக் காலத்தில் சாமிக்குத் தன் தலையைக் கொடுத்தான், இந்தக் காலத்தில் அடுத்தவன் தலையைக் கொடுக்கிறான் என்று ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மாவிடம் சொன்னேன், அவள் மெச்சிக்கொண்டாள், எனக்கும் பெரிதாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது வேறு மாதிரி தோன்றியது. அவன் தானாகத்தான் கொடுத்தானா? நாலு பேர் சுற்றி நின்று கொட்டடித்து, நீ பெரிய வீரனாச்சே என்று சொல்லிச் சொல்லிக் கையில் வாளைத் திணித்தார்களா? கல்லுக்கு என்ன தெரியும், செதுக்கச் சொன்னவன் சொன்னதைச் செதுக்கியிருப்பான். அவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாள், அவள் எங்கே கல்லில்? அதற்குப் பிறகு அந்தக் கல்லைப் பார்க்கும்போது அவன் கழுத்தைப் பார்ப்பதில்லை, கண்ணைத்தான் பார்க்கிறேன். மழையிலும் எண்ணெயிலும் தேய்ந்து கண் இருந்த இடமே இல்லை. பகவதி என்னைப் பார்த்துச் சைகை காட்டுகிறாள், தீ குறைகிறதாம். எனக்குத் தெரியாததா, பால் அடியில் பிடிக்கக் கூடாது என்று குறைத்து வைத்திருக்கிறேன்.

சரி, நினைத்துவிடுகிறேன். வாய்தான் கட்டியிருக்கிறது, மனசை யார் கட்டுவது. இல்லை என்று சொன்னதோடு நான் நிறுத்தியிருக்கலாம். சூடம் அணைந்துவிட்டது, படியைத் தாண்ட மாட்டார்கள், அவ்வளவுதான், அவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை எரிகிறது, இடுப்பில் பிள்ளை வீறிடுகிறது, அடுக்களையில் ஒரு விறகு சரிந்த சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது என்று இப்போது தெரியும், அப்போது தெரியவில்லை. அண்ணாச்சி தலையைத் திருப்பின மாதிரி இருந்தது. உடனே நான், "குளத்தங்கரைப் பக்கமா ஓடுனான் அண்ணாச்சி, நான் பாத்தேன்" என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். சாயங்காலம் நாலு மணிக்குக் குளத்தங்கரையில் யார் இருக்கப் போகிறார்கள், வெறும் கரையைச் சுற்றிவிட்டு வரட்டும் என்று நினைத்தேன். செய்யது மசூது இருந்தார். டீக்கடை மசூது, அறுபது வயசு, காது மந்தம், கடையை மத்தியானமே சாத்திவிட்டுத் தூண்டில் போட உட்கார்ந்தால் உலகமே தெரியாது. ஊர் பற்றி எரிகிறது அவருக்குத் தெரியாது. முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறார், இவர்கள் கூப்பிட்டது கேட்டிருக்காது, திரும்பியிருக்க மாட்டார். மறுநாள் தண்ணீரில் கிடந்தார். தவறி விழுந்தார் என்று முடித்தார்கள். மண்டையில் இருந்த காயத்துக்குக் கரைக் கல் காரணமாம். கூலி வேலைக்குப் போன நாலு வருஷமும் அந்த ஆள் கடையில்தான் டீ குடித்திருக்கிறேன், நான் போனால் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவார், கூலிக்காரப் பிள்ளை என்பார். பொய்ச் சத்தியம் என்று ஊர் எதைச் சொல்கிறதோ அதில் ஒரு ஆள் பிழைத்தான். சத்தியமே இல்லாமல், சூடமே இல்லாமல், நான் சும்மா சொன்ன ஒரு வார்த்தையில் ஒரு ஆள் செத்தார். அந்த வார்த்தையை அவர்கள் எவ்வளவு நம்பினார்கள் பாருங்கள். அப்போதுதான் சத்தியம் செய்த வாய், அது பொய் சொல்லுமா. என் வார்த்தைக்கு அப்படி ஒரு மதிப்பு. நான் எதில் பெருமைப்பட்டேனோ அதுவேதான் அவரைக் கொன்றது. இதைக் கழிக்க எந்தக் கோயிலில் எத்தனை பானை வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் இதை ஒருவரும் என்னிடம் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் லாரியில் மூட்டைகளுக்கு நடுவில் நாகூர் மீரானை ஏற்றிக்கொண்டு போய் மலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். அவனைப் பெற்ற உம்மா ஒரு மாதம் கழித்துத் தெருவோடு வந்து என் காலில் விழுந்தாள், அதில்தான் ஊருக்குத் தெரிந்தது. ஊர் ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. எனக்கு அதில் ஒரு குறைச்சலும் இல்லை, வாசல் பெருக்கி வைத்தது பெருக்கினபடி இருந்தது. பத்து வருஷம் கழித்து அவன் ஒரு நாள் வந்தான். அங்கே பேக்கரி வைத்திருக்கிறானாம், கேக் ஒரு பெட்டி நிறைய. பகவதி அப்போது பள்ளிக்கூடத்தில். அவன் உட்காரவே இல்லை, அடுக்களை வாசலில் நின்று அந்த விறகு மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அங்கே அப்போது கேஸ் சிலிண்டர் இருந்தது. "யக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். "நீங்க குளத்தங்கரைன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. மசூது மாமா அங்கதான் இருந்தாவ. மத்தியானம் தூண்டிலுக்குப் புழு எடுத்துக் குடுத்ததே நான்தான். எனக்குத் தெரியும்க்கா. நான் சத்தம் குடுக்கல." அதுவரைக்கும் தெரியாமல் சொன்னேன், தெரியாமல் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் தெரியாமல் சொன்னேன், அவன் தெரிந்து பேசாமல் இருந்தான், அந்த ஆறு பேர் தெரிந்தே அடித்தார்கள், ஒரு சாவை எத்தனை பேர் பங்கு வைத்துக்கொண்டோம். "நீ சத்தம் குடுத்திருந்தா நாம ரெண்டு பேருல்லாலே செத்திருப்போம்" என்றேன் கடைசியில். "அப்படித்தான்க்கா நானும் நெனச்சுக்கிடுதேன்" என்றான். கேக்கை நாங்கள் தின்னவில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

பால் ஓரத்தில் கொதி கட்டுகிறது. வெள்ளப்பாண்டி அண்ணாச்சி கோயில் முகப்பில் நிற்கிறார், இப்போது அவர்தான் தர்மகர்த்தா, தட்டில் சூடத்தை எடுத்துவைப்பதும் அவர்தான், என் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தையை வாங்கப் போகிறவரும் அவர்தான். இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, துணிக்குள்ளேயே சிரித்துக்கொள்கிறேன். அறுபத்தெட்டு வயசு, கால் வீங்கியிருக்கிறது. அவருடைய வயல் குளத்துக்கு அந்தப் பக்கம். கரை வழியாகப் போனால் பத்து நிமிஷம், முப்பத்திரண்டு வருஷமாக ரோட்டைச் சுற்றித்தான் போகிறார். வீங்கின காலோடு, வெயிலில், குடையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போகிறார். ஏன் என்று ஊரில் ஒருவனும் கேட்டதில்லை. நான் கேட்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். அவர் வீட்டில் மீன் வாங்குவதில்லை என்று அவர் சம்சாரமே ஒரு தடவை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள். அவருக்கும் ஏதோ புகைகிறது. ஆனால் பாருங்கள், சத்தியம் தவறினதற்கு இந்தக் கோயிலில் ஒரு பொங்கல் வைத்திருக்கிறார்கள், துணி வைத்திருக்கிறார்கள், சொல்லவேண்டிய வார்த்தைகூடத் தயாராக இருக்கிறது. ஆளைக் கொன்றதற்கு ஒரு பொங்கல் கிடையாது. அந்த மனுஷன் எங்கே போய்ப் பானை வைப்பார். அதனால்தான் ரோட்டைச் சுற்றுகிறார். இத்தனை வருஷம் அவரைப் பார்த்தால் எனக்கு எரியும், இன்றைக்கு முதல் தடவையாகப் பாவமாக இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் எவ்வளவோ தெம்பாக இருந்தது. அரிசியைப் போடுகிறேன், மூன்று கை, கிழக்கே பார்த்து. பகவதி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். ஏழு வார்த்தையைச் சொல்லித் தொலைத்தால் என்ன, நாக்கு வெந்தா போகும்? கைதான் வெந்தது அன்றைக்கு. சொன்னால் இவள் இன்று ராத்திரி தூங்குவாள். சொல்லாமல் போய், நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், ஆகக் கூடாது, ஆகிவிட்டால், அவள் என் முகத்தில் முழிப்பாளா? நான்தான் என் முகத்தில் முழிப்பேனா? உன் தலையில் வைத்துச் சத்தியம் பண்ணினேன்தான் பகவதி. என்னிடம் இருந்ததிலேயே பெரியது நீதான். சின்னதை வைத்துச் செய்திருந்தால் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள், அம்மனும் மதித்திருக்க மாட்டாள். உன்னை வைத்தேன், அவள் உன்னை எடுத்துக்கொள்ளவில்லை, முப்பத்து மூன்று வயசு வரைக்கும் வளர்த்து இந்த மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறாள். அதிலிருந்தே தெரியவில்லையா அவள் எந்தப் பக்கம் என்று? இதை உன்னிடம் வாயால் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்திருந்த காலமெல்லாம் வீம்பாக இருந்துவிட்டு, வாயைக் கட்டின பிறகு எல்லாம் வருகிறது.

பொங்கிவிட்டது. நுரை விளிம்பில் நின்று யோசித்துவிட்டுக் கிழக்கே வழிந்தது, ஓலை நெருப்பில் விழுந்து சீறியது. பெண்கள் குலவை போட்டார்கள். பகவதி கண்ணில் தண்ணீரோடு கையெடுத்துக் கும்பிட்டாள். பூசாரி வந்து துணியை அவிழ்த்தார், வாயோரம் இறுகிப்போய் வலித்தது. வெள்ளப்பாண்டி அண்ணாச்சி பித்தளைத் தட்டில் சூடத்தை ஏற்றி எனக்கும் அம்மனுக்கும் நடுவில் பலிபீடத்தின்மேல் வைத்தார். "சொல்லு தங்கச்சி" என்றார். "ரெண்டு வார்த்ததான. சொல்லிட்டா பிள்ளைக்கு நல்லது."

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். ரொம்ப நேரம் மூடியிருந்த வாய், குரல் கரகரத்தது. செருமிக்கொண்டேன். "தாயே, நாகூர் மீரான் என் வீட்டுலதான் இருந்தான். இல்லைன்னு ஒன் சூடத்த அணைச்சேன், என் பிள்ளைய வச்சு அணைச்சேன். அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னொரு தடவ வந்து நின்னாலும் அணைப்பேன். அதுக்கு நீ என்ன குடுத்தாலும் எனக்குக் குடு, இந்தப் பிள்ளைய விட்டுரு." பின்னால் யாரோ ஐயோ என்றார்கள். பகவதியை நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் மிச்சம் வராது. "தப்பு ஒண்ணு பண்ணிருக்கேன். அது வேற. குளத்தங்கரைன்னு சொன்னேன். யாரும் கேக்காம சொன்னேன். அங்க செய்யது மசூது இருந்தாரு. என் வாயாலதான் அவரு போனாரு. மசூது மாமா, பொறுத்துக்கிடுங்க. இவ்வளவு நாளா ஒங்க பேரக்கூட நான் சொல்லல, அதையும் பொறுத்துக்கிடுங்க." அம்மன் கோயிலில் மசூது என்ற பேரை அதற்கு முன்னால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்ன பிறகு நெஞ்சில் என்னவோ இறங்கினது, கண் கலங்கிப் போயிற்று, ஆனாலும் நேராகத்தான் நின்றேன். நான் சூடத்தை அணைக்கவில்லை. அதை அங்கேயே எரிய விட்டுவிட்டு ஒரு எட்டுப் பின்னால் வந்தேன்.

"நான் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றேன். "நான் வழிதான் காட்டுனேன். போனவுக நீங்க."

ஊர் அப்படியே நின்றது. அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். வீங்கின காலை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி அசைந்தார். பூசாரி பதறிப்போய்த் தட்டை எடுக்கக் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மேற்கேயிருந்து, குளத்துப் பக்கமிருந்து, காற்று ஒரு வீச்சு வீசியது, சுடர் படுத்துத் தட்டின் விளிம்பை நக்கியது, நீலமாகச் சுருங்கியது. அணைந்தால் முடிந்தது, சாமி கும்பிட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று எத்தனை பேர் நினைத்தார்களோ. என் பக்கத்தில் நிழல் ஒன்று அசைந்தது. பகவதி நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தாள். வயிற்றிலிருந்து கையை எடுத்திருந்தாள். பூசாரியை விலக்கிவிட்டு, பலிபீடத்தின்முன் குனிந்து, இரண்டு கையையும் குவித்துச் சூடத்தைச் சுற்றி மறைத்துக்கொண்டாள். சுடர் மறுபடியும் நிமிர்ந்தது.

"சொல்லுங்க மாமா" என்றாள் அண்ணாச்சியைப் பார்த்து. "அணையதுக்குள்ள சொல்லுங்க."